சிவப்பு வாளியின் உட்சுவர்

போன வாரம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் பிரகாஷ், நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் சுகாதார ஆய்வாளர். கொசுவை ஒழிக்க டிரோன் வாங்கியிருக்கிறார்களாம். பெரியவர்கள் வருகிறார்கள், மேடை, நாற்காலி, ரிப்பன் எல்லாம் ஏற்பாடு ஆகிவிட்டது. ஓய்வு பெற்றவர்களில் ஒருவர் பேசினால் நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"நீங்க வந்து உங்க அனுபவத்த அஞ்சு நிமிசம் பேசோணுங்க சார்."

டிரோன் என்ன செய்யும் என்று கேட்டேன். மருந்து தெளிக்குமாம். எங்கிருந்து என்று கேட்டேன். மேலே இருந்து என்றார். கொசுப்புழு எங்கே இருக்கும் என்று மூன்றாவதாக ஒரு கேள்வி நாக்கு நுனியில் நின்றது. அவரும் என்னைப் போலப் படித்துத்தான் அந்த வேலைக்கு வந்திருக்கிறார், பதில் அவருக்குத் தெரியும். தெரிந்தவரிடம் கேட்பது கேள்வி ஆகாது, குத்தல் ஆகிவிடும். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இது ஐந்து நிமிடத்துக்குள் அடங்காது, மேடைக்கும் ஆகாது.

நான் விலங்கியலில் முதுகலை படித்துவிட்டு, கல்லூரி வேலை கிடைக்காமல், சுகாதார ஆய்வாளர் பயிற்சிக்குப் போனவன். அங்கே கற்றதை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். சிக்குன்குனியாவையும் டெங்குவையும் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடாது. நாம் குடிக்கக்கூடிய தண்ணீர்தான் அதற்கும் வேண்டும். அது கடிப்பது பகலில், அதிகமாகக் காலையிலும் மாலையிலும். வெகுதூரம் பறக்காது, பிறந்த இடத்தைச் சுற்றியே வாழும். முட்டையைத் தண்ணீரில் போடாது, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டவைக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் புழு சாகும், முட்டை சாகாது. காய்ந்த சுவரில் மாதக்கணக்காகக் காத்திருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே கொட்டினால் போதாது, தேய்க்க வேண்டும். இந்தக் கடைசி வரியைச் சொல்லிச் சொல்லியே என் பணிக்காலம் முடிந்தது. அது யார் காதிலாவது ஏறியதா என்பதைப் படிப்பவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

திருப்பூருக்குப் பணிமாறி வந்தபோது, இந்தக் கொசுவுக்காகவே கட்டிய ஊர் இது என்று தோன்றியது. உலகத்துக்கெல்லாம் பனியன் தைத்து அனுப்பும் ஊரில் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வரும்போது பிடித்து வைக்க வேண்டும். சாயப்பட்டறையில் ரசாயனம் வந்து காலியான நீல நிற பிளாஸ்டிக் டிரம்களைக் கழுவி வாங்கி, ஒவ்வொரு லைன் வீட்டு வாசலிலும் வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். ஆளுக்கொரு டிரம், டிரம்முக்கொரு கொசுக் குடும்பம். நாங்கள் போய் மூடு என்போம், தேய் என்போம், அபராதம் என்போம். குழாயில் நாள்தோறும் தண்ணீர் வந்தால் அந்த டிரம்மே வேண்டியிருக்காது என்று எங்களில் யாரும் சொல்ல மாட்டோம். அது வேறு துறை.

அப்புறம் புகை. புகையைப் போல மக்களுக்கும் தலைவர்களுக்கும் பிடித்த பொருள் வேறில்லை. ஒரு வார்டு உறுப்பினர் தன் தெருவில் காய்ச்சல் வந்தால் எங்களிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்பார்: புகை. அதுவும் சாயங்காலம், ஆட்கள் வேலை முடிந்து தெருவில் நிற்கும்போது அடிக்க வேண்டும். கொசு வீட்டுக்குள் தொங்கவிட்ட துணிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும், நாம் தெருவில் அடிக்கிற புகை அதற்குத் தெரியவே தெரியாது, புழுவை அது ஒன்றும் செய்யாது என்று ஒருமுறை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கொசுவுக்குத் தெரியாட்டிப் போச்சாதுங்க சார், சனங்களுக்குத் தெரியுதுங்களே," என்றார். என் பணிக்காலத்தில் கொசு ஒழிப்பைப் பற்றி நான் கேட்ட நேர்மையான ஒரே வாக்கியம் அது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

கோபம் வேறொருவர் மேல். எங்கள் சுகாதார அலுவலர், டாக்டர் ராஜரத்தினம் என்று வைத்துக்கொள்வோம். அவரைப் போல மரியாதையான மனிதரை நான் பார்த்ததில்லை. யாரையும் ஒருமையில் பேசியதில்லை, அலுவலகம் பெருக்குகிற பெண்ணைக்கூட. குரல் உயர்ந்ததில்லை. முடியாது என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. அந்த இடத்தில் "பாத்துக்கலாங்க" என்பார். வண்டிக்கு டீசல் கேட்டால் பாத்துக்கலாங்க. மருந்து தீர்ந்துவிட்டது என்றால் பாத்துக்கலாங்க. அந்தச் சொல்லுக்குள் போன எதுவும் திரும்பி வந்ததில்லை. எழுதிக்கொண்டு போகும் அறிக்கையை வாசித்து, 'சிக்குன்குனியா' என்று இருக்கும் இடத்தில் மட்டும் பேனாவை வைப்பார். மெல்லிய ஒரு கோடு. மேலே, அழகான கையெழுத்தில், 'மூட்டு வலியுடன் கூடிய காய்ச்சல்'.

ரத்தப் பரிசோதனையில் உறுதியானதாயிற்றே என்று கேட்டால் சிரிப்பார். "பேரு வெச்சா அது வளந்துருமுங்க தங்கவேல்."

எஸ்தரை நான் பார்த்தது அந்தக் காலத்தில்தான்.

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர். திருப்பூரை ஒட்டிய நல்லூரில் லைன் வீட்டில் ஒற்றை அறை. கணவர் இறந்துவிட்டார், ஊரில் தாயும் ஒரு மகளும் இருந்தார்கள், மகள் பள்ளிக்கூடத்தில். இவர் ஒரு பெரிய ஏற்றுமதி நிறுவனத்தில் துணி ஓரம் மூட்டும் ஓவர்லாக் டெய்லர். தனியார் மருத்துவமனையில் அவருக்கு சிக்குன்குனியா என்று உறுதியானதும் தகவல் எங்களுக்கு வந்தது. விதிப்படி நான் வீட்டுக்குப் போனேன். விதி என்னவென்றால், நோயாளியின் வீட்டையும் சுற்றியுள்ள வீடுகளையும் பார்ப்பது, தண்ணீர் நிற்கும் எதையும் விடாமல் சோதிப்பது, புழு இருந்தால் அழிப்பது. இந்த விதியில் ஒரு ஓட்டை உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் போனபோது வீட்டு உரிமையாளர் அம்மாள் தெருவில் நின்று, தெற்கத்தி ஆட்களும் இந்திக்கார ஆட்களும் வந்துதான் இந்த ஊருக்குப் புதுப்புதுக் காய்ச்சலாக வருகிறது என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அந்த மாதம் அவருடைய எல்லா அறைகளிலும் குடியிருந்தவர்கள் வெளியூர் ஆட்கள்தான். அந்த வாடகைக்குக் காய்ச்சல் ஒட்டவில்லை போலும்.

எஸ்தர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் விட்டிருந்தது, வலி விடவில்லை. இரண்டு கைகளையும் மடிமேல் மல்லாத்தி வைத்திருந்தார், யாருடையதோ பொருளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப்போனது போல. விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. மடக்கச் சொன்னேன், பாதிதான் மடங்கின.

"பல் தேய்க்கதுக்கு எந்தங்கச்சி வேணும் சார் இப்ப. முப்பத்தஞ்சு வயசுல எனக்குப் பல் தேச்சுவிட ஆளு," என்று சிரித்தார். தங்கை ரூத் ஊரிலிருந்து வந்திருந்தார். அக்காவை விட மிகவும் இளையவர், பேச்சு குறைவு.

ரூத் வந்தது அக்காவைப் பார்த்துக்கொள்ள மட்டுமில்லை. இந்த ஊர்த் தையல் வேலையின் முறை அப்படி. ஒரு லைனில் டெய்லர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் தோள் மூட்டினால்தான் அடுத்தவர் கை மூட்ட முடியும். நடுவில் ஒரு மிஷின் காலியாக இருந்தால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனை பேருக்கும் வேலை நின்றுவிடும். எனவே டெய்லர் வராவிட்டால் கான்ட்ராக்டர் அன்றைக்கே வேறு ஆளை உட்கார வைப்பார். உட்கார்ந்தவரை எழுப்ப முடியாது. இடம் போகாமல் இருக்க வேண்டுமென்றால் நம் ஆளையே அனுப்ப வேண்டும். அதற்காகத்தான் ரூத். அக்காவின் விரல் சரியாகும்வரை அக்காவின் மிஷினில் தங்கை.

டிரம்மைப் பார்த்தேன். துணி கட்டி மூடியிருந்தது. உள்ளே டார்ச் அடித்தேன், கை விட்டுத் தடவினேன். சுத்தம். லைனில் இருந்த மற்ற டிரம்களில் ஒன்றிரண்டு மோசம்தான், ஆனால் புழு இல்லை. மாடி, உரல், பழைய டயர், எல்லாம் பார்த்தாயிற்று. நான் வழக்கமான பாடத்தை எடுத்தேன், பகலில் கடிக்கும் கொசு என்று.

எஸ்தர் குறுக்கே பேசினார். "பகல்ல கடிக்கும்னு சொல்லுதிய. பகல்ல இந்த வீட்டுல பல்லிதான் சார் இருக்கு. நாங்க எங்க இருக்கோம்?"

முந்தின நாள் அரசு மருத்துவமனையின் காய்ச்சல் பிரிவில் நான் பார்த்தது அப்போது நினைவுக்கு வந்தது. வரிசையில் நின்றவர்களில் சிலர் நேராக வேலையிலிருந்து வந்திருந்தார்கள், கழுத்தில் நிறுவன அடையாள அட்டை. அட்டை நாடா பச்சை. இங்கே எஸ்தரின் வீட்டு ஆணியில் தொங்கிய அட்டையின் நாடாவும் பச்சை.

இதுதான் நான் சொன்ன ஓட்டை. நாங்கள் நோயாளியிடம் எங்கே குடியிருக்கிறாய் என்றுதான் கேட்போம். விழித்திருக்கும் நேரமெல்லாம் எங்கே இருக்கிறாய் என்று கேட்பதில்லை. ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம், வேலை பார்க்கிற ஊரில், காலையிலும் மாலையிலும் கடிக்கிற கொசுவுக்கு ஆள் அகப்படுவது கம்பெனியில்தான். அந்தக் கம்பெனிக்கோ பல்லடம் பக்கமிருந்து ஒரு வேன், வெள்ளகோவில் பக்கமிருந்து ஒரு வேன், நல்லூரிலிருந்து நடந்து வருகிறவர்கள். காய்ச்சல் வந்ததும் ஆளாளுக்குத் தங்கள் ஊருக்குப் போய்ப் படுத்துவிடுவார்கள். ஒவ்வொரு ஆய்வாளர் எல்லையிலும் ஒன்றோ இரண்டோ காய்ச்சல். அந்தப் பகுதிகளில் ஆய்வாளர்களாக இருந்த நண்பர்களை அழைத்துக் கேட்டேன். எல்லோரும் ஒரே பதில்: "நம்ம பக்கம் பெருசா ஒண்ணும் இல்லீங்க." எல்லோரும் உண்மையைத்தான் சொன்னார்கள். ஒருவர் பக்கத்திலும் பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரே கூரைக்குக் கீழே மொத்தமும் இருந்தது.

மறுநாள் அந்த நிறுவனத்துக்குப் போனேன். உரிமையாளர் சென்னியப்பன் தானே வாசலுக்கு வந்து அழைத்துப் போனார். விவசாயக் குடும்பம், கிணற்றுப் பாசனத்திலிருந்து நிட்டிங் மிஷினுக்கும், அதிலிருந்து ஏற்றுமதிக்கும் வளர்ந்தவர். இளநீர் வந்தது. நான் எதையும் குடிக்காமல் சோதனைக்குப் போவதுதான் வழக்கம் என்றேன். "அதுக்கென்னங்க சார், சோதிச்சுப்போட்டு வந்து குடிங்க, சூடாறாதுங்க," என்றார். சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டேன்.

இடம் கண்ணாடி போல இருந்தது. துணி வாங்கும் வெளிநாட்டு பையர்கள் ஆள் அனுப்பி ஆடிட் செய்யும் நிறுவனங்கள் எல்லாமே அப்படித்தான். கழிவறை, கேன்டீன், மேல்நிலைத் தொட்டி, பூந்தொட்டித் தட்டு, ஏசி தண்ணீர் சொட்டும் வாளி, ஜெனரேட்டர் அறை, குப்பைக் கிடங்கு. ஒன்றும் இல்லை. தைக்கும் தளத்துக்கு வந்தேன். வரிசை வரிசையாக மிஷின்கள், ஓரத்தில் ஒரு மிஷினில் ரூத். குனிந்து வேலை செய்யும் கால்கள் எல்லாம் மேசைக்கடியில், நிழலில். ஏடிஸ் கொசுவுக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது.

சுவர் ஓரமாகத் தாங்கியில் சிவப்பு வாளிகள் தொங்கின. தீயணைப்பு வாளிகள். தளத்துக்குத் தளம், மாடிப்படிக்கு மாடிப்படி. ஒன்று விட்டு ஒன்றில் மணல், மற்றவற்றில் தண்ணீர், விளிம்பு வரை. டார்ச்சை அடித்தேன்.

வெளிச்சம் பட்டதும் அவை கீழே ஓடின. ஏடிஸ் புழுவுக்கு வெளிச்சம் ஆகாது, பாம்பு போல நெளிந்து அடியில் போய் ஒளியும். அடுத்த வாளி. அதற்கடுத்தது. அத்தனையிலும். எஸ்தர் உட்கார்ந்திருந்த மிஷினின் தலைக்கு மேலேயே ஒன்று தொங்கியது.

சென்னியப்பன் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க சார், அது தீக்கு வெச்ச பக்கெட்டுங்க."

"கொசுவுக்கு யாரும் சொல்லலை போலிருக்கு," என்றேன்.

அவர் குறையைப் புரிந்துகொண்டார், மறுக்கவில்லை. ஆனால் அவருக்கும் ஒரு விதி இருந்தது. ஆடிட்டுக்கு வருகிறவர் வாளியில் தண்ணீர் நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பார், குறைந்தால் எழுதிவிடுவார். தொழிலாளர் பாதுகாப்புக்காக அந்த விதி. ஆகவே இங்கே யாரும் அந்த வாளியைத் தொடக்கூடாது என்று கட்டளை. காற்றில் வற்றிய அளவுக்கு மேலே ஊற்றி நிரப்புவதோடு சரி. தீயிலிருந்து தொழிலாளியைக் காக்க வைத்த தண்ணீரில், தொழிலாளியின் விரலை முடக்கும் கொசு வளர்ந்துகொண்டிருந்தது. அதை அங்கே தினமும் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். எல்லோரும் பார்த்தது மட்டத்தை, தண்ணீரை அல்ல.

நான் வழி சொன்னேன். எல்லா வாளியிலும் மணலே போடலாமா என்று தீயணைப்புத் துறையைக் கேளுங்கள். தண்ணீர்தான் வேண்டுமென்றால் இறுக்கமான மூடி போடுங்கள். அதுவும் முடியாதென்றால் வாரம் ஒருமுறை கொட்டி, உட்சுவரை நாரால் தேய்த்து, வெயிலில் காயவைத்து, மறுபடி நிரப்புங்கள். கேன்டீனிலிருந்து தேங்காய் நார் வாங்கி ஒரு வாளியை நானே தேய்த்துக் காட்டினேன். சுவரில் கறுப்புப் பொடி போல ஒட்டியிருப்பதுதான் முட்டை, கொட்டினால் போகாது, தேய்த்தால்தான் போகும் என்று காட்டினேன். அவர் தலையாட்டினார். நாளைக்கே எல்லாவற்றையும் தேய்த்துப்போடலாங்க என்றார்.

அலுவலகத்துக்கு வந்து சட்டப்படியான அறிவிப்பைத் தயார் செய்து டாக்டர் ராஜரத்தினத்திடம் வைத்தேன். உட்சுவரைத் தேய்க்க வேண்டும் என்பதற்கு அடிக்கோடு போட்டிருந்தேன். அவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த முதலாளி நல்ல மனிதர், கோயில் திருப்பணிக்கும் அரசுப் பள்ளிக் கட்டடத்துக்கும் கொடுத்தவர், எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறவர் என்றெல்லாம் சொன்னார். எல்லாம் உண்மைதான். அறிவிப்பு வெளியே தெரிந்தால் பையர் காதுக்குப் போகும், ஆர்டர் போகும், ஆர்டர் போனால் கஷ்டப்படுவது யார், அந்தப் பெண்கள்தானே என்றார்.

"வாயால சொல்லிட்டீங்களல்லங்க. எழுத்துல எதுக்குங்க? பாத்துக்கலாங்க."

அறிவிப்பு அவருடைய மேசை இழுப்பறைக்குள் போயிற்று.

அடுத்த வாரம் நிறுவனத்துக்குப் போனேன். வாளிகள் தாங்கியில் இல்லை. தண்ணீரைக் கொட்டி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, கிடங்கில் வைத்திருந்தார்கள். அடுக்கைப் பிரித்துப் பார்த்தேன். நான் தேய்த்துக் காட்டிய ஒன்றைத் தவிர எதுவும் தேய்க்கப்படவில்லை. சுவரில் கறுப்புப் பொடி அப்படியே. மேலாளரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன், ஒப்புக்கொள்கிறேன், நான் மரியாதையானவன் இல்லை. தண்ணீர்தான் இல்லையே சார் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். தேய்க்காமல் இதில் ஒரு சொட்டு ஊற்றினாலும் எல்லாம் உயிரோடு வரும் என்றேன். நாளை வந்து பார்ப்பேன் என்றும் சொன்னேன்.

நாளை வரவில்லை. காலையில் அலுவலகத்தில் எனக்கு ஆணை காத்திருந்தது. தூரத்தில் ஒரு கோயில் தேர்த்திருவிழாவுக்குச் சுகாதாரப் பணி, முழுத் திருவிழாவும். டாக்டர் என்னைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார், அவ்வளவு மரியாதை. "ரொம்பக் களைச்சுப் போயிட்டீங்க தங்கவேல். சாமி கும்புட்ட மாதிரியும் ஆச்சு, ஒரு மாறுதலாவும் இருக்குமுங்க." நான் இல்லாதபோது அந்த நிறுவனத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். என்ன சொன்னார் என்று எழுத வேண்டியதில்லை.

திருவிழாவில் அன்னதானக் கூடத்தையும் தண்ணீர்ப் பந்தலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே நாட்களில் இங்கே நிறுவனத்துக்கு ஆடிட் வந்தது. அதற்கு முன் வாளிகளைக் கிடங்கிலிருந்து எடுத்து, வெளிப்புறம் புதுச் சிவப்புப் பெயின்ட் அடித்து, வெள்ளையில் எழுத்துப் போட்டு, தாங்கியில் மாட்டி, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பியிருக்கிறார்கள். வெளிப்புறத்துக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வைத்தவர்களுக்கு உட்புறத்தைத் தேய்க்க ஆள் வைக்கத் தோன்றவில்லை. ஆடிட் நல்லபடியாக முடிந்தது. தீப் பாதுகாப்பில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக்கொடுத்துப் போனார்களாம். வாளிகள் நிறைந்தபடியே தொங்கின. காய்ந்து காத்திருந்த முட்டைகள் தங்கள் வேலையைத் தொடங்கின.

திரும்பி வந்ததும் நல்லூர் வழியாகப் போனேன். லைன் வீட்டுக் கதவு திறந்திருந்தது. எஸ்தர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், போன முறை இருந்த அதே இடம். பக்கத்தில் ரூத் படுத்திருந்தார். போர்வைக்கு வெளியே ஒரு கை. வீக்கத்தைப் பார்க்க டார்ச் வேண்டியிருக்கவில்லை.

எஸ்தர்தான் முதலில் பேசினார். கோபமே இல்லாமல், கணக்குக் கேட்பது போல.

"நீங்க அந்த வாளியக் கழுவச் சொன்னீயன்னு இவா சொன்னா சார். கழுவலியாம், பெயின்ட்தான் அடிச்சாவளாம். இப்ப மிஷினுக்கு அனுப்ப எங்க வீட்டுல அம்மதான் பாக்கி. அம்மைக்கு ஊசில நூல் கோக்கத் தெரியாது."

ரூத் கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தார். "நாளைக்குப் போயிருவேன்க்கா," என்றார். அவரால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை.

அங்கிருந்து நேராக நிறுவனத்துக்குப் போனேன். யாரிடமும் கேட்கவில்லை, எஸ்தரின் மிஷினுக்கு மேலே தொங்கிய வாளியில் ஒரு கண்ணாடிக் குப்பியை அமிழ்த்தி எடுத்தேன். மிஷினில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தார். முகம் தெரியவில்லை. அவர் கால்மேல் உட்கார்ந்த ஒன்றைத் தட்டிவிட்டு, தைப்பதை நிறுத்தாமல் இருந்தார்.

குப்பியைக் கொண்டுபோய் டாக்டர் ராஜரத்தினத்தின் மேசையில், அவருடைய தேநீருக்குப் பக்கத்தில் வைத்தேன். புழுக்கள் உள்ளே துள்ளிக்கொண்டிருந்தன. நடந்ததைச் சொன்னேன். அவர் குப்பியைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு ஒரு விரலால் தேநீரை அந்தப் பக்கம் நகர்த்தினார்.

"மூடி இறுக்கமா இருக்குதுங்களா?" என்றார்.

அந்தக் கொசுக்களைக் கட்டுப்படுத்த அவர் எடுத்த ஒரே நடவடிக்கை அதுதான்.

அறிவிப்பு கொடுக்க ஆய்வாளருக்கே அதிகாரம் உண்டு. அலுவலர் கையெழுத்து வழக்கம்தான், சட்டம் இல்லை. அன்று மாலையே என் கையெழுத்தில் கொடுத்தேன், நோயின் பெயரை முழுதாக எழுதி. சென்னியப்பன் வாங்கி வாசித்தார். முகம் சிவந்தது. "சாமி, இத மொதல்லயே குடுத்திருந்தீங்கன்னா செஞ்சுபோட்டிருப்பனுங்களே. உங்க டாக்டரு ஒண்ணும் அவசரமில்லீன்னு போன்ல சொன்னாருங்க," என்றார். அவரை நம்புவதா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கே ஆட்களை விட்டு, ஒரு மூட்டை தேங்காய் நாரோடு, அத்தனை வாளிகளையும் முற்றத்தில் போட்டுத் தேய்த்தார்கள். நான் நின்று பார்த்தேன். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. மறுவாரமே மூடியும் வந்தது. அங்கே அதற்குப் பிறகு புதிதாக யாருக்கும் வரவில்லை.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஒரு பிற்பகல் வேலை, கொஞ்சம் தேங்காய் நார். ஆராய்ச்சி வேண்டியிருக்கவில்லை, இயந்திரம் வேண்டியிருக்கவில்லை. எல்லோருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது, தெரிந்தபடியே மரியாதையாக இருந்தோம். அலுவலர் கையெழுத்தில்லாமல் ஏன் அறிவிப்பு கொடுத்தீர்கள் என்று விளக்கம் கேட்டு எனக்கு வந்த கடிதமும் மரியாதையாகத்தான் இருந்தது. டாக்டர் சிறந்த பணிக்கான விருதோடு ஓய்வு பெற்றார். அந்த ஆண்டு அவருடைய எல்லைக்குள் சிக்குன்குனியா ஒன்றுகூட இல்லையே.

இந்தக் காய்ச்சலில் ஆள் பெரும்பாலும் சாவதில்லை. அதனால் அதைச் சிறிய நோய் என்கிறார்கள். உட்கார்ந்து கோப்பு பார்க்கிறவனுக்குச் சிறிய நோய்தான். ஓவர்லாக் மிஷினில் ஓடுகிற ஊசிக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் துணியைத் தள்ளுகிறவளுக்கு விரல் கணு என்பது வீடு, வாடகை, ஊரில் படிக்கிற மகள். ரூத்துக்கு சில மாதங்களில் விரல் திரும்பியது, ஆனால் ஊருக்குப் போனவர் திருப்பூருக்குத் திரும்பவில்லை. எஸ்தருக்கு விரல் திரும்பவே இல்லை. டெய்லரிலிருந்து பிசிறு வெட்டும் வேலைக்கு இறக்கினார்கள். பிசிறு வெட்டுவதற்கு டிரிம்மர் என்று ஒரு சின்னக் கத்தரி, நாள் முழுக்க அதை அழுத்தி அழுத்தி விட வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் முடியாமல் போயிற்று. இப்போது ஒரு விடுதியில் தட்டுக் கழுவுகிறார். போன மாதம் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். மகள் கல்லூரி போகிறாள் என்றார். பையைக் கையில் பிடிக்காமல் முழங்கையில் மாட்டியிருந்தார்.

இவ்வளவும் யோசித்துவிட்டுப் பிரகாஷை அழைத்தேன். வருகிறேன், பேசுகிறேன், ஆனால் ஒரு நிபந்தனை என்றேன். டிரோனைத் தொடங்கி வைக்க ரிப்பன் வெட்டுவீர்களே, அதை வெட்ட எஸ்தரைக் கூப்பிடுங்கள். யார் எஸ்தர் என்று கேட்டார். சொன்னேன், இங்கே எழுதியது போல முழுதாக, ஒன்றும் விடாமல். ரிப்பன் கத்தரியை அவர் கையில் கொடுங்கள், மேடையில் எல்லோரும் பார்க்க அவர் வெட்ட முயலட்டும், அதுதான் என்னுடைய ஐந்து நிமிடப் பேச்சு என்றேன்.

நல்ல பிள்ளை, குறுக்கிடாமல் முழுவதும் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

"பாத்துக்கலாங்க சார்."

நான் விழாவுக்குப் போகப்போவதில்லை. பந்தல் போடும் இடத்தில் தீயணைப்பு வாளி வைத்தே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது, வைத்திருப்பார்கள். டிரோன் தலைக்கு மேலே சுற்றும்போது எல்லோரும் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். பிரகாஷ் மட்டுமாவது குனிந்து அந்த வாளிக்குள் டார்ச் அடிக்கட்டும்.